விபூதி போட்டுத் தேய்த்த இசைத்தட்டு

பெட்டியைப் பூட்டிவிட்டு வெளியே வந்த யாமினி, டைனிங் டேபிளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் அப்பா திருமூர்த்தி வயலின் வாசித்து வெளிவந்த ஒரே இசைத்தட்டு, தோசைக்கல்லில் மாவு ஊற்றியதுபோல வெள்ளைப் பசைக்கு அடியில் கிடந்தது. பக்கத்தில் காலி பசை டப்பாவோடு அவள் கணவன் கதிர்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"க்ளீன் பண்றேன்."

"ஃபெவிகால் ஊத்தியா?"

"உட் க்ளூ. காஞ்சதும் தோலாட்டம் உரிஞ்சு வரும். அழுக்கும் கூடவே வந்துரும். நம்பலைன்னா வீடியோ இருக்கு, பாரு."

நாட்டின் மறுகோடியில், சான் ஹோசேயில் அவளுக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து, இந்தப் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் இருவரும் வாய் திறந்ததே சண்டைக்காகத்தான். போகாதே என்றான், போவேன் என்றாள். நான் அங்கே காலே வைக்க மாட்டேன் என்றான். உன்னை யார் கூப்பிட்டது என்றாள். இன்னும் சற்று நேரத்தில் டாக்ஸி வந்துவிடும். கையோடு கொண்டுபோக அவள் ஒதுக்கி வைத்திருந்தது இந்த ஒரு தட்டைத்தான்.

"இதுல அழுக்கே இல்லையே, கதிர்."

அவன் முழங்கைக்குப் பின்னால் பிரித்த விபூதிப் பொட்டலம் ஒன்று தெரிந்தது.

"விபூதி போட்டுத் தேய்ச்சியா?"

"பளிச்சுனு பண்ணித் தரலாம்னுதான். எங்கம்மா வெள்ளியெல்லாம் அதுலதான் தேய்ப்பாங்க. தட்டோட கோட்டுக்குள்ள சாம்பல் ஏறிக்கிச்சு, துணியில வரல. அதான் க்ளூ."

"எங்கப்பா என்ன உங்க வீட்டு வெள்ளி விளக்கா? கீறல் விழுந்திருக்கா?"

"உரிச்சாத்தான் தெரியும். நாளைக்குத்தான் காயும்."

"நாளைக்கு! வேணும்னே பண்ணியிருக்க. என்னை நிறுத்த முடியல, எங்கப்பாவைப் புடிச்சு வெச்சுக்கற."

"நிறுத்தினா நிக்கிற ஆளா நீ?"

அவள் பசையின் ஓரத்தை நகத்தால் நெம்பப் போனாள். அவன் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"தொடாத! ஈரத்துல இழுத்தா பிஞ்சு உள்ளயே தங்கிரும். அப்புறம் ஊசி வெச்சா கரகரன்னுதான் கேக்கும்."

வெடுக்கென்று கையை உதறினாள். நன்றாகத் திட்ட வாயெடுத்தபோதுதான் தட்டின் நடுவைப் பார்த்தாள். சிவப்பு லேபிளைச் சுற்றி, கோலக்காரி கை போட்டதுபோல, பசை ஒரே சீரான வட்டமாக நின்றிருந்தது. அப்பாவின் பெயர்மேல் ஒரு சொட்டுகூட இல்லை. காபி டம்ளரைக்கூடச் சிந்தாமல் வைக்கத் தெரியாதவன் இவன்.

அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது.

போன் ஒலித்தது. டாக்ஸி கீழே நின்றது.

"காஞ்சதும் உரிச்சு கூரியர் பண்ணிடறேன்," என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

"கூரியர்ல அனுப்பி உடைக்கிறதுக்கா? நீ கெடுத்தது போதாதா?"

"பின்ன என்னதான் பண்ணச் சொல்ற?"

அவள் பெட்டியைக் கதவுவரை இழுத்துப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மடியில வெச்சு எடுத்துட்டு வா."

"சான் ஹோசேக்கா? நான் அங்க காலே வைக்க மாட்டேன்னு..."

"அப்ப வராத. உங்கம்மாகிட்ட குடு, பூஜையில வெக்கட்டும்."

கதவைத் திறந்தவள் திரும்பினாள். கதிர் இன்னும் தட்டின்மேல் குனிந்தபடியே இருந்தான். ஓரத்தில் விரலகலத்துக்குப் பசை காய்ந்து கண்ணாடியாகி, அடியில் தட்டின் கறுப்பு தெரியத் தொடங்கியிருந்தது.

"அந்த ஃபேனை ஆஃப் பண்ணித் தொலை. தூசி ஒட்டும்."

அவள் லிஃப்டுக்குள் நுழையும்போது, திறந்தே கிடந்த கதவு வழியே ஃபேன் கடகடத்து நிற்கும் சத்தம் கேட்டது.