நாலு கண்ணுக்கும் பொட்டு

பிரதாப்புக்கு எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழை பிசகினாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தியை அவன் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டிலும் தோசை வட்டமாக வரவில்லையென்றால் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அவன் மனைவி மோகனப்ரியா காவேரிப்பட்டினத்துக்காரி. கல்யாணமான புதிதில் அதற்குச் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை.

கம்பெனி மெல்லிசைக் குழுவில் அவன்தான் கிதார். பத்து வருஷமாக அந்த மேடையில் நின்றவனுக்கு இந்த வருஷம் வேட்டு வைத்தது ஒரு புது கீபோர்டு. குழுவை நடத்துகிற ஸ்டோர்ஸ் ஆபீசர் சௌந்தரராஜன் அதில் ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார்.

"கிதார் சத்தம் இதுலயே வருதுப்பா. தனியா ஒரு ஆளு எதுக்கு?"

பிரதாப்புக்கு முகம் சுருங்கிவிட்டது. "கீபோர்டுல வராத சத்தம் ஒண்ணு நான் கொண்டு வரேன் சார்" என்று வாயை விட்டான்.

"ஆயுத பூஜைக் கச்சேரில கேக்கறேன். அன்னைக்கு வரலைன்னா, அடுத்த கச்சேரிக்கு நீ கீழ உக்காந்து கேளு."

அவன் செய்ய நினைத்தது ஒரு பெட்டி. அறுபதுகளில் ஜப்பானில் செய்த ஒன்றின் சாயலில். பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டரில் அதன் சர்க்யூட்டைப் பிரிண்ட் எடுத்திருந்தான். உள்ளே ஒரு சின்ன பல்பு மங்கி மங்கி எரியும். அதைச் சுற்றி நாலு எல்.டி.ஆர். அவை வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை விடும், இருட்டினால் அடைக்கும். பிரதாப் அவற்றைக் கண் என்றுதான் சொல்வான். பல்பு மூச்சு விட விட, கிதார் சத்தம் அசையும். இரண்டு ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டால், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது உள்ளே அலம்புமே, அப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலம்ப வேண்டும்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் "எல்லா ஒந்தே தரா பேக்கு" என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டு, ஒரே மாதிரி கண்களாக ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, கொஞ்சமும் வித்தியாசம் இல்லாத நாலைப் பொறுக்கினான். பல்பிலிருந்து நாலும் சம தூரத்தில் இருக்கிறதா என்று வெர்னியரை வைத்துச் சரிபார்த்தான்.

சத்தம் வந்தது. காதோரம் கொசு சுற்றுகிற மாதிரி. ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். பல்பை மாற்றினான், ஒயரை மாற்றினான், முழுசாகப் பிரித்து மறுபடி பற்றவைத்தான். அதே கொசு. எங்கே தப்பு என்றும் தெரியவில்லை, ஏனென்றால் அளந்தால் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாத எரிச்சல். பீஸ் பாஸ், சத்தம் ஃபெயில் என்றால் யாரை ரிஜெக்ட் பெட்டியில் போடுவது?

ஆயுத பூஜை வந்துவிட்டது. காலையில் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கிக்கொண்டு வந்தவன், சாமி படத்துக்கு முன்னால் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அரிவாள்மணை, தையல் மெஷின், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் எல்லாம் பொட்டும் பூவுமாக வரிசையில் இருந்தன. நடுவில், மூடி இல்லாமல் அவன் பெட்டி. உள்ளே நாலு கண்ணின் மேலும் சந்தனம். சந்தனத்துக்கு மேல் குங்குமம்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"பூஜைக்கு எல்லாத்துக்கும் வெக்கறதுதானே. இதுக்குத்தானே நீங்க ரெண்டு மாசமா கஷ்டப்படறீங்க."

"அறிவிருக்கா உனக்கு? நாலும் போச்சு."

மோகனப்ரியா ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தாள். அவன் சால்டரிங் அயர்னை எடுக்கக் கை நீட்டியபோது தடுத்தாள். "படையல்ல வெச்ச ஆயுதத்தை இன்னைக்குத் தொடக்கூடாது."

அவள் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போன நேரத்தில், எந்த அளவுக்குப் பாழாகியிருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் அவன் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துத் தந்தியை மீட்டினான். கை நின்றுவிட்டது. அலம்பியது. இடது ஸ்பீக்கரிலிருந்து புரண்டு வலதுக்குப் போய், வழியில் கொஞ்சம் தயங்கி, மறுபடி வந்தது. இரண்டு மாசமாகக் கனவில் மட்டும் கேட்ட சத்தம். உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு பொட்டு பட்டாணி அளவு, ஒன்று கடுகு அளவு, ஒன்று வழிந்திருந்தது, ஒன்று பாதிக் கண்ணைத்தான் மறைத்தது. ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு விதமாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மகாராஜனுக்கு மனசு வரவில்லை. மூடியைப் போட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் கம்பெனி மைதானத்துக்குக் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன; மோகனப்ரியாவுக்கு முதல் வரிசையில் இடம். முதல் பாட்டுக்கே சௌந்தரராஜன் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பாட்டுக்குத் தலையாட்டினார். நாலாவது பாட்டில் கொசு வந்துவிட்டது.

பாட்டு முடிந்த இடைவெளியில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தான். பல்பின் சூட்டில் சந்தனம் காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. "அடுத்த பாட்டுல உன் தனி வாசிப்புதான். அதுக்குள்ள சரி பண்ணு" என்றார் சௌந்தரராஜன்.

வரவேற்பு மேஜையிலிருந்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து அவனே வைத்தான். நாலு கண்ணுக்கும், அழகாக, வட்டமாக, ஒரே அளவில். இத்தனை வருஷத்துக் கை வேறு எப்படி வைக்கும்? மீட்டினான். கொசு. துடைத்துவிட்டு, வேண்டுமென்றே கோணலாக வைத்தான். கோணலும் ஒரே மாதிரி வந்தது. அழுகை வரும் போலிருந்தது அவனுக்கு.

வேறு வழியில்லாமல், கிண்ணமும் பெட்டியுமாக முதல் வரிசைக்குப் போனான். கம்பெனிக் குடும்பங்கள் எல்லாம் பார்க்க, மனைவியின் முன்னால் குனிந்து நின்றான்.

"ப்ரியா, இதுக்குக் கொஞ்சம் பொட்டு வெச்சு விடு."

அவள் பெட்டியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அறிவில்லாதவ வெச்சாப் பரவாயில்லைங்களா?"

"தப்புதான். காலைல நீ வெச்சதுலதான் சத்தமே வந்துச்சு. உன்கிட்டச் சொல்லாம வந்துட்டேன்."

மேடையில் சௌந்தரராஜன் மைக்கைத் தட்டினார். மோகனப்ரியா அவசரப்படவில்லை. மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்து, முதல் கண்ணில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரே அளவா வெக்கட்டுங்களா?"

"வேணாம்" என்றான் பிரதாப், பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் இஷ்டத்துக்கு வெய்யி."