கதவு திறக்கும்வரை பேசு

எங்கள் வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நாடகம் முடிந்த கையோடு, அதே சேனலில், அதே நாடகத்தைப் பற்றி நேரலையில் பேசுகிற நிகழ்ச்சி. ‘பார்த்தாச்சா?’ என்று பெயர். “எல்லாரும் பார்த்ததைப் பத்திப் பேச ஒரு நிகழ்ச்சியா? அதுக்குச் சம்பளம் வேறயா?” என்று என் நாத்தனார் கேட்டாள். அவளே ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறாள் என்பது வேறு விஷயம்.

நான் அதில் ஃப்ளோர் மேனேஜர். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து காதில் வருவதைக் கையால் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் பக்கவாட்டில் இழுத்தால் ‘பேச்சை நீட்டு’. கழுத்தில் விரலால் கோடு போட்டால் ‘வெட்டு’. எனக்கு மூக்கு நுனியில் கோபம். நேரலையில் கத்த முடியாது என்பதால் அத்தனையும் கைக்கு வந்துவிடும்.

நிகழ்ச்சியை நடத்துகிறவளைப் ‘பட்டாசு’ என்போம். அவள் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. மேக்கப் போடும்போதும் பேசுவாள், லிஃப்டில் தனியாகப் போனாலும் பேசுவாள் போலிருக்கிறது. அவளுக்குக் கேமரா என்றால் பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒருத்தர் நிற்கிறார் என்று நம்பித்தான் பேசுவாள்.

அன்றைக்கு விருந்தாளி, நாடகத்தில் அப்பாவாக நடிப்பவர். கேன்டீனிலிருந்து வாசல் காவலாளி வரை அவரை எல்லோரும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு: முதல் போன் விருந்தாளியின் வீட்டிலிருந்துதான் வரும். அவர் வரும்போதெல்லாம் அவருடைய மனைவி பேசுவார். “எப்படிம்மா இருந்தது நடிப்பு?” என்று பட்டாசு கேட்பாள். “சுமார்” என்பார் அந்த அம்மா. அந்தச் ‘சுமாரு’க்காகவே நிகழ்ச்சி பார்க்கிறவர்கள் உண்டு. அவரும் கேமரா முன்னால் சேர்ந்து சிரிப்பார். மேக்கப் அறைக்குத் திரும்பியதும் சிரிக்கமாட்டார்.

அன்றைய கடைசிக் காட்சியில் அப்பா சாகிறார். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அப்பா எழுந்து போகிறார். கதவுவரைதான் போக முடிகிறது. தாழ்ப்பாள் கைக்கு எட்டாமல் கீழே உட்கார்ந்து, ‘வரேன்டா, தொறக்கிறேன்டா’ என்று சொல்லிக்கொண்டே போய்விடுகிறார். நான் முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சட்டைக் காலரில் மைக் மாட்டும்போது அவர் சொன்னார்: “வீட்ல அவகிட்ட இதைப் பத்தி மூச்சு விடலை. இந்த சீன்தான் என் மொத்த சொத்து. இதுக்கும் அவ சுமார்னு சொல்லிட்டா, கடையைச் சாத்திடுவேன். வேற நாடகத்துல கூப்பிட்டிருக்காங்க, வேணாம்னு சொல்லிடுவேன்.”

“சும்மா சொல்லாதீங்கப்பா.”

“சும்மா இல்ல” என்றார்.

சாவு வெளியே கசியக் கூடாது என்று நாடக இயக்குநர் ஒரு வேலை செய்திருந்தார். அந்தக் காட்சியை மட்டும் தனிக் கோப்பாக்கி, ‘மாடித் தோட்டம் முன்னோட்டம்’ என்று பெயர் வைத்து, நாடகத்தின் வாலில் ஒட்டி அனுப்பியிருந்தார். கெட்டிக்காரத்தனம்தான். ஒளிபரப்பு அறையில் இருப்பவரிடம் சொல்ல மட்டும் மறந்துபோனார். அவரோ ஒழுங்கின் மறுபெயர். கண்ணீர் நாடகத்தின் பின்னால் எவனோ தக்காளிச் செடியை ஒட்டிவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டு, அதை எடுத்துத் தோட்டக்கலை நிகழ்ச்சியோடு சேர்த்துவிட்டார். திருடனுக்குப் பயந்து ஒளித்து வைத்ததை நாங்களே குப்பையில் கொட்டிய கதை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: திரையில் மகன் கதவைத் தட்டுகிறான், அப்பா நெஞ்சை நீவிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுகிறார், உடனே எங்கள் நிகழ்ச்சியின் இசை அடிக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. நேரலை.

நான் இரண்டு கையையும் கிழிந்துபோகிற மாதிரி இழுத்தேன். நீட்டு, நீட்டு.

பட்டாசு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “கதவுகிட்டப் போறதுக்குள்ள நாங்க வந்து நின்னுட்டோம், இல்ல? திட்டாதீங்க. ஒரு சீன் பாக்கி இருக்கு. எங்க ஆளுங்க தேடிட்டிருக்காங்க. கிடைச்சதும் முழுசாப் போடுவோம். அதுவரைக்கும் என்கிட்ட மாட்டிக்கிட்டீங்க” என்றாள். பொய் சொல்லவில்லை, சாக்குச் சொல்லவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் வானிலையைப் பற்றித்தான் பேசியிருப்பேன்.

அப்பா பக்கத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு வசனம் எழுதிக் கொடுத்தால்தான் பொய் சொல்ல வரும். முகத்திலேயே சாவுச் செய்தி எழுதி ஒட்டியிருந்தது.

அதற்குள் வழக்கப்படி போன் இணைக்கப்பட்டுவிட்டது. அந்த அம்மா. மேலேயிருந்து “லைனை வெட்டு” என்று கத்தினார்கள். நான் கழுத்தில் கோடு போட்டேன். பட்டாசு என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, “வாங்கம்மா!” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கழுத்திலேயே கோடு போட்டிருப்பேன்.

“என்ன நிறுத்திட்டீங்க? அவன் உள்ள வந்தானா இல்லையா?” என்றார் அந்த அம்மா. பிறகு குரல் இறங்கியது. “அவர் ஏன் நெஞ்சைப் பிடிச்சார்? ஏதாவது ஆயிடுமா? ஏங்க, அங்கதானே இருக்கீங்க, சொல்லுங்க.”

அப்பா வாயைத் திறந்தார். அவ்வளவுதான், தொலைந்தது என்று நினைத்தேன்.

“அம்மா, அவரைக் கேட்காதீங்க, நான் உங்களைக் கேட்கிறேன்” என்று பட்டாசு நடுவில் புகுந்தாள். “உங்க வீட்ல யாராவது கதவைத் தட்டினா, இவர் எப்படி எழுந்து போவார்?”

“இவரா?” அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எழுந்துட்டாலும்! இடியே விழுந்தாலும் பேப்பரை இறக்கமாட்டார். ‘யாருன்னு பாரு’ம்பார். அடுப்புல கை வெச்சிருந்தாலும் நான்தான் ஓடணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் ஒரு தடவை கதவைத் தொறந்து நான் பார்த்ததில்லை. இவரே வெளியில போயிட்டு வந்தாலும், பையில சாவி இருக்கும், பெல்தான் அடிப்பார்!”

அரங்கமே சிரித்தது. கேமராக்காரர் தோள் குலுங்கியது. அப்பாவும் சிரித்தார், முகத்தில் ரத்தம் வந்தது. “நீ வந்து தொறந்தாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு” என்றார். “இதுக்கொண்ணும் குறைச்சல் இல்ல” என்றார் அந்த அம்மா. பட்டாசு ஊதிவிட்டுக்கொண்டே இருந்தாள். புருஷன் பெண்டாட்டி சண்டையை நாடே பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் நகரவில்லை.

மேலேயிருந்து சொன்னார்கள்: இயக்குநர் பதறியடித்துப் போன் செய்துவிட்டார், தோட்டத்துக்குள் கிடந்த காட்சி கிடைத்துவிட்டது. நான் கட்டை விரலை உயர்த்தினேன்.

“அம்மா, லைன்லயே இருங்க. கதவுகிட்டப் போவோம்” என்றாள் பட்டாசு.

காட்சி ஓடியது. தட்டும் சத்தம். அவர் சுவரைப் பிடித்து நடந்தார். தாழ்ப்பாளுக்குக் கை தூக்கினார், எட்டவில்லை. சறுக்கி உட்கார்ந்தார். ‘வரேன்டா. தொறக்கிறேன்டா.’ இப்போதுதான் சிரித்திருந்தோம், அதனால் தாங்கவே முடியவில்லை. அந்த முட்டாள் கோப்பு முதலிலேயே ஒழுங்காக வந்திருந்தால் இப்படி வலித்திருக்காது.

திரும்ப அரங்கம். சிவப்பு விளக்கு. போனில் சத்தமே இல்லை. நேரலையில் மௌனம் என்பது எங்களுக்குக் கொலைக் குற்றம். மேலே அலறினார்கள், நான் பழக்க தோஷத்தில் கையை இழுத்தேன். பட்டாசு மேசைக்குக் கீழே உள்ளங்கையை என் பக்கம் காட்டினாள். பொறு. வாய் ஓயாத அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிஷத்தில் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். என் கை தானாகக் கீழே இறங்கியது.

கடைசியில் போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்மா” என்றார் அவர்.

“கிளம்பி வாங்க. பெல் அடிக்க வேணாம். கதவைத் தொறந்தே வெச்சிருக்கேன்.”

லைன் துண்டித்தது. பட்டாசு, “போயிட்டு வாங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். கேமராவுக்கு ஒரு கும்பிடு போட்டாள். நேரம் மிச்சம் இருந்தது, விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளட்டும்.

காலரிலிருந்து மைக்கைக் கழற்றும்போது அப்பா என் காதுக்கிட்ட குனிந்தார். கண்ணெல்லாம் சிவப்பு, வாயெல்லாம் பல்.

“கவனிச்சியா? சுமார்னு சொல்லல” என்றார். மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் வாசலுக்கு ஓடினார்.