எந்தச் சங்கத்தின் பெயர் முதலில்?

“சங்கம் உடைஞ்சால் எங்கட இன்சூரன்சுக்கு என்ன நடக்கும்?”

“சங்கம் எங்க உடைஞ்சது? உம்மட அண்ணையின்ர ஆக்கள்தான் வெளியில போனவை.”

கலாவதியும் அவள் கணவர் பத்மநாதனும் 1990இல் பேசிக்கொண்டது இது. ஆண்டு விழாவில் யாருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது என்ற தகராறில், புலம்பெயர்ந்து வந்த ஊர்க்காரர்கள் கூடி அமைத்த கிங்ஸ்பரி ஊர்ச்சங்கம் இரண்டாகியிருந்தது. ஒன்றுக்குப் பத்மநாதன் தலைவர். மற்றதற்குக் கலாவதியின் அண்ணன் தியாகராஜா.

சங்கத்தின் மூலம் எடுத்திருந்த மருத்துவக் காப்புறுதியும் இரண்டானது. ஆள் குறைந்ததால் அடுத்த சில ஆண்டுகளில் இரு பக்கமும் கட்டணம் ஏறியது. ஏறியதும் சுகமாக இருந்த இளவட்டங்கள் விலகினார்கள். அதனால் இன்னும் ஏறியது. மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள்.

கலாவதிக்கு இடுப்பு மூட்டுத் தேய்ந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் ஏராளம். காப்புறுதியில் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. ஆனால் அதற்குள் திட்டத்தின் ஆண்டு முடிகிறது; இன்னும் ஏறினால் அவர்களால் கட்ட முடியாது. புதுப்பிக்காவிட்டால் வேறெந்தக் கம்பனியும் இந்தப் பழைய நோயை ஏற்காது. காலையில் பத்மநாதன் தரையில் அமர்ந்து அவள் காலில் சப்பாத்து மாட்டிவிடுவார். அப்போதெல்லாம் அண்ணனோடு சேரும்படி கேட்டுவிட நினைப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வராது.

இன்று அவர்கள் வீட்டுக்கே தியாகராஜா வந்திருந்தார். வரவழைத்தவர் காப்புறுதி முகவர் பாஸ்கரன், மதுரைக்காரர்.

“ரெண்டு சங்கமும் ஒரே குரூப்பா வாங்க. சின்னவங்களையும் திரும்பச் சேருங்க. கம்பெனி இந்த வருஷம் கட்டணத்த ஏத்தாது.”

இளவட்டங்களைச் சேர்க்க இருவரும் சம்மதித்தார்கள். பத்திரத்தில் எந்தச் சங்கத்தின் பெயர் முதலில் வருவது என்பதில்தான் சிக்கல்.

“மூத்த சங்கம் எங்கட எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ தம்பி,” என்றார் பத்மநாதன்.

“ஆக்களை வெளியில அனுப்பிப்போட்டு என்ன மூப்பு எண்டு கேளுங்கோ தம்பி,” என்றார் தியாகராஜா, சுவரைப் பார்த்தபடி.

“சார், ரெண்டு பேரும் ஒரே சோபாவுலதான் உக்காந்திருக்கீங்க. நேரா பேசலாமே? சரி, அகர வரிசையில போட்டுரலாமா?”

“அப்பிடிப் போட்டால் ஆர் முதல்?” இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

பாஸ்கரன் பெருமூச்சு விட்டுப் பையை மூடினார். “இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் கிளம்பறேன்.”

தேநீர்த் தட்டோடு நின்ற கலாவதிக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை வலி இறங்கியது. தட்டை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது.

“இஞ்சாருங்கோ! அண்ணை, நீங்களும் கேளுங்கோ. சங்கம் பிரிஞ்ச நாள் தொட்டு கேக்க நினைச்சு, கேக்காமல் விழுங்கிக்கொண்டு இருந்தனான். நான் நடக்கவேணும். ரெண்டு பேரும் ஒண்டாய்ச் சேருங்கோ.”