வெல்டிங் விட்ட இடம்

ஜெலுத்தோங் மோட்டார் கடைக்குள் பக்கிரிசாமி மாமா பிட் பைக் எனப்படும் அந்தச் சின்ன சீன மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததும் லோஷினி கவுண்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க அக்கா மக வேலை செய்ற கடை, ஏமாத்த மாட்டாங்க" என்று தான் குடியிருக்கும் பாகான் டாலாம் முழுக்கச் சொல்லிவிட்டு, மகள் ஓட்டிப் பழக வாங்கியவர் அவர். குடும்பத்தின் முதல் பட்டதாரியான லோஷினியோ, லாரி ஓட்டும் மாமாவைச் சொந்தம் என்று கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

"பிரேம்ல வெல்டிங் விட்டுடுச்சு. பாப்பா விழுந்து கையெல்லாம் சிராய்ச்சிருச்சு."

முதலாளி சாஹித் கல்லாவிலிருந்து அவளைப் பார்த்தார்.

"முரட்டுத்தனமா ஓட்டியிருப்பீங்க அங்கிள். அதுக்கு வாரண்டி கிடையாது" என்றாள், எல்லாரிடமும் சொல்வதைப் போலவே.

"அப்படியா மேடம். புள்ள மேடு பள்ளம் பாக்காம விட்டிருக்கும்." வண்டியைத் திருப்பும்போது மாமா குரலைத் தாழ்த்தினார். "பயப்படாத லா. நான் யாருன்னு சொல்லமாட்டேன்."

அவர் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள்மீதே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"மாமா, நில்லுங்க" என்றாள் கடை முழுக்கக் கேட்கும்படி. "பாப்பா மேல தப்பில்ல. வண்டிதான் மட்டம். இங்க வாங்குன எல்லாருக்கும் இதே இடத்துலதான் விட்டுப்போச்சு."

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவரை அவள் பொருட்படுத்தவில்லை. மாமா முகத்தைத்தான் பார்த்தாள்.

"எனக்கு விக்கும்போதே தெரியுமாம்மா?" என்று கேட்டார் மாமா.

தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.