கொம்பில் கட்டாத அட்டை

எங்கள் ஆட்கள் பங்கு இறைச்சி போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், செல்லங்களே. ஒரு கிடாயைப் பத்துப் பேர் சேர்ந்து எடுப்பார்கள். எல்லாக் குவியலிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு இருக்கும். சண்டைக்கு இடமே இல்லை. நாங்கள் வந்து குடியேறிய ரொம்மன் ஊரில் ஜெகதீஸ்வரன் அந்த வேலையில் விண்ணன். ஆனால் அவர் ஒரு பிழை விட்டார். கிடாய் என்றால் கட்டையில் கட்டி நிற்கும். இன்ன நாள் பங்கு என்று முதலே சொல்லலாம். அவரோ காட்டில் ஓடித்திரிகிற மானுக்கும் நாள் சொல்லிவிட்டார். புரட்டாதி பிறந்தால் பாதிப் பேர் மச்ச மாமிசம் தொடமாட்டார்கள் என்று, அதற்கு முந்திய சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி, பதினெட்டுப் பங்கு.

நானும் ஒரு சட்டியோடு அவருடைய கராஜ் வாசலில் நின்றேன். பொய் சொல்லமாட்டேன், ஈரலில்தான் என் கண்.

மான் வந்திருந்தது. வான் வண்டியின் பின்கதவைத் திறந்து, மூடியிருந்த நீலத் தறப்பாள் விரிப்பை விலக்கினார்கள். அம்மாடி, என்ன கொம்பு. ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து கிளை. ஆனால் அந்தக் கொம்பு வெறுமையாக இருந்தது.

அதை முதலில் கண்டவள் அஜந்தா. ஜெகதீஸ்வரனின் மனைவி சத்தியபாமாவின் தங்கை அவள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

அவர்கள் வேட்டைக்குப் போகிற மலைக்கு ஒரு விதி உண்டு. வேட்டைக்கு அனுமதி கிடைத்தவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அதில் அவருடைய பெயரும், அவர் எந்த மானைச் சுடலாம் என்பதும் இருக்கும். ஆண்மான் விழுந்தால் விழுந்த இடத்திலேயே, ஒரு அடிகூட நகர்த்த முதல், சுட்டவர் தன் அட்டையைக் கொம்பில் கட்டவேண்டும். அந்த வருடம் ஜெகதீஸ்வரனுக்குக் கிடைத்தது கன்று. அஜந்தாவுக்கு ஆண்மான். ஆறு வருடம் குலுக்கலில் பெயர் போட்டு, அந்த வருடம்தான் அது அவளுக்கு விழுந்தது. ஞாயிறு காலை போவதாக இருந்தாள்.

"அத்தான், இது ஆர் சுட்டது?" என்று கேட்டாள்.

"ஆர் சுட்டால் என்ன? உன்ர அட்டை கையில கிடக்குதுதானே. கட்டிவிடன்" என்றார் ஜெகதீஸ்வரன். கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார், தேத்தண்ணிக்குச் சீனி போடச் சொல்வது போல.

அவள் குனிந்து மானைத் தடவிப் பார்த்தாள். தொடையில் ஒரு துளை, வயிற்றில் ஒன்று, கழுத்தில் இரண்டு. கிட்ட வைத்துச் சுட்டதுபோல் காதடியில் மயிர் கருகியிருந்தது.

"இது ரைபிள் வெடி இல்லை."

ஜெகதீஸ்வரனின் மருமகன் சுரேன் சிரித்தான். முப்பது வயது தாண்டியவன், கைத்துப்பாக்கிக் கழகத்தில் குறி பார்த்துச் சுடுகிறவன். "என்ர ரிவோல்வர்தான் அன்ரி. நாங்கள் கன்றுக்குத்தான் இருந்தனாங்கள். இந்தக் கொம்பர் நேர வந்து முப்பது மீற்றரில நிண்டார். விடச் சொல்லுறியளோ?"

"ரிவோல்வரால மான் சுடக்கூடாது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். மானுக்குத்தான் தெரியாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

"விழ எவ்வளவு நேரம் எடுத்தது?" என்றாள் அஜந்தா.

சுரேன் தறப்பாளை மடிக்கத் தொடங்கினான். ஜெகதீஸ்வரன்தான் சொன்னார். "கொஞ்சத் தூரம் ஓடினது. பிடிச்சிட்டம். அதை விடு. பதினெட்டுச் சனம் பையோட நிக்குது, பார். நீ சுட்டதெண்டு கட்டினால் எல்லாருக்கும் நல்லம். கொம்பையும் நீயே வைச்சிரு."

"நான் சுடேல்லை."

"அது எங்களுக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியுமோ?"

"அட்டையில என்ர பேர் கிடக்குது, அத்தான். தொடையிலயும் வயித்திலயும் சுட்டு, துரத்தித் துரத்திக் கொன்றவள் நான் எண்டு அது சொல்லும். கட்டமாட்டன்."

"சும்மா விசர்க்கதை கதையாதை. உன்னை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்."

"ஓம், முதல் நாள் நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போனீங்கள். வேட்டைச் சோதனை எழுதிப் பாசானது நான்."

ஜெகதீஸ்வரன் கத்தியைப் பலகையில் வைத்தார். "அப்ப இனி எங்கட பங்கில உனக்கு இடமில்லை. கொண்டாட்டம், செத்தவீடு ஒண்டுக்கும் இந்த வாசல் மிதிக்காதை."

சத்தியபாமா உள்கதவில் நின்று தங்கையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அஜந்தா தொலைபேசியை எடுத்தாள். எங்கள் எல்லோருக்கும் முன்னால், வேட்டைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, இந்த நாட்டு மொழியான நொஷ்க்கில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா வீட்டு முகவரியை மட்டும் இரண்டு தரம் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

சனம் பைகளை மடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கழன்றது. நான் நின்றேன்.

ஒரு மணித்தியாலத்தில் கண்காணிப்பாளரும் இரண்டு பொலிசாரும் வந்தார்கள். மானையும் ரிவோல்வரையும் கொண்டுபோக ஆயத்தம் செய்தார்கள். சுரேனின் முகம் சுண்டிப்போனது. எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, கண்காணிப்பாளர் அஜந்தாவிடம் கையை நீட்டினார்.

அந்த மலையில் இந்த வருடம் ஒரே ஒரு ஆண்மானைத்தான் சுடலாமாம். அது செத்துவிட்டது. ஆகவே அவளுடைய அட்டையைத் திருப்பித் தரவேண்டுமாம். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"தரமாட்டேன்" என்றாள் அஜந்தா.

அவர் விதி என்றார். எந்த விதி, வாசியுங்கள் என்றாள். அவர் தொலைபேசியில் தேடி வாசித்தார். சுட்டவர் தன் அட்டையைக் கட்டவேண்டும் என்று இருந்தது. மற்றவர் களவாகச் சுட்டால் உங்கள் அட்டையைப் பறிப்போம் என்று எங்கும் இல்லை. அவர் மறுபடி மேலிருந்து கீழே தேடினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார் கடைசியில்.

"கேளுங்கள். எழுத்தில் அனுப்புங்கள். நானும் எழுத்தில் பதில் தருவேன். நாளை ஞாயிறு, என் அனுமதி இன்னும் செல்லும்தானே?"

அந்த மனிதர் தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். "இப்போதைக்குச் செல்லும்" என்றார்.

ஜெகதீஸ்வரனுக்கு அது பொறுக்கவில்லை. "பாத்தியளோ அன்ரி, குடும்பத்தைக் காட்டிக்குடுத்திட்டு நாளைக்கு வேட்டைக்குப் போறாவாம்" என்று என்னிடம் சொன்னார். என்னுடைய சட்டி வெறுமையாக இருந்தது, வயிறும் வெறுமையாக இருந்தது. ஆனாலும் அவள் பக்கம் போய் நின்றேன்.

மறுநாள் விடிய, யன்னலால் பார்த்தேன். முன்வீட்டு வாசலில் அஜந்தா ரைபிள் பையைக் காரில் வைத்துக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் கம்பளித் தொப்பியோடு ஆரோ இருந்தார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தால், சத்தியபாமா. மடியில் இடியப்பப் பெட்டி.

நான் வாசலுக்கு ஓடிப்போய், "பிள்ளை, ஈரலில எனக்கொரு துண்டு" என்றேன். பழக்க தோஷம்.

அஜந்தா காரை எடுத்தாள். "மான் இன்னும் காட்டிலதான் நிக்குது அன்ரி. அது விழமுதல் ஆருக்கும் நாளும் சொல்லமாட்டன், பங்கும் சொல்லமாட்டன்" என்றாள்.