முதல் பிழையின் அருகில் ஒரு புள்ளி

அண்ணன் மகள் கல்லூரியில் சேர்ந்த வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தை, கால்குலஸுக்கு முன்னாடி ஒரு அல்ஜீப்ரா கோர்ஸ் கட்டாயமாம். நீங்களும் அம்மாவும் சேர்ந்து படிச்சீங்களாமே. அதுல என்ன எதிர்பார்க்கலாம்?"

"அம்மாகிட்டக் கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். 'குழாய்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே டியூட்டிக்குக் கிளம்பிட்டாங்க."

அவள் கேட்டது பாடத்திட்டத்தை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சொன்னேன். சார்புகள் வரும், ஒவ்வொரு சார்புக்குள்ளும் எந்த எண்களை விடலாம், எவற்றை விடக்கூடாது என்று பார்க்கச் சொல்வார்கள். இருபடிச் சமன்பாடுகள் வரும்; பல்லுறுப்புக்கோவைகள் வரும்; வர்க்கமூலங்கள் வரும். எல்லாரும் களைத்திருக்கும் நேரம் பார்த்துக் கடைசியில் மடக்கை வரும். அவள் நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். குழாய் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

எங்கள் வகுப்பு நடந்தது வேதியியல் ஆய்வகத்தில். மாலைநேர மாணவர்களுக்கென்று தனி அறை கிடையாது. பகல் வகுப்புகள் விட்டுச்சென்ற அறை எதுவோ அதுவே எங்களுடையது. நீண்ட கல்மேசைகள், ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு பீங்கான் தொட்டி, தொட்டிக்கு மேலே கழுத்து வளைந்த ஒரு குழாய். அமில வாடை எந்நேரமும் இருக்கும். சாய்ந்துகொள்ள முடியாத உயரமான முக்காலிகள், தூங்குவதற்கு வழியில்லாமல் செய்யப்பட்டவை. நானும் அண்ணியும் ஒரு தொட்டியின் இரு கரைகளில் உட்கார்ந்தோம். மேசையில் இடம் போதாதென்று அண்ணி தம் கைப்பையைத் தொட்டிக்குள் வைத்தார். ஆசிரியர் தேதியை எழுதி முடிப்பதற்குள் என் முழங்கை பட்டுக் குழாய் திறந்துகொண்டது.

"பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூழ்கிட்டோம், கண்ணாடிக்காரி" என்றார் அண்ணி, குரலை உயர்த்தாமல்.

அப்போது நான் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வில்லை தேய்க்கும் வேலையில் இருந்தேன். ஆகவே அந்தப் பெயர். அண்ணி மருத்துவமனையின் எக்ஸ்-ரே பிரிவில் உதவியாளர். நோயாளியைச் சக்கர நாற்காலியில் அழைத்துவருவார். பெயரைக் கேட்டுச் சீட்டோடு ஒப்பிடுவார். படம் எடுத்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். படம் எடுக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கவேண்டும். கதவுக்கு உள்ளே நிற்பவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கான படிப்பில் சேர இந்த இயற்கணிதத்தில் தேர்ச்சி தேவை. வயது வரம்பின்படி அந்த ஆண்டுச் சேர்க்கையே அவருக்குக் கடைசி. எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. "சின்னப் பசங்க நடுவுல தனியா உட்காரக் கூச்சமா இருக்கு, துணைக்கு வாயேன்" என்றார், போனேன்.

"எக்ஸ்-ரே எடுக்கிறதுக்கு எதுக்கு எக்ஸைக் கண்டுபிடிக்கணும்?" என்று அண்ணன் வீட்டில் கேட்டார்.

"அந்த எக்ஸும் என்னன்னு தெரியாம வெச்ச பேருதான். நீங்க பாத்திரத்தைத் தேய்ங்க" என்றார் அண்ணி.

ஆசிரியர் அண்ணியைவிட இளையவர். சட்டைப்பையில் ஒரே ஒரு சிவப்புப் பேனா வைத்திருப்பார். முதல் நாள் ஈரமான கைப்பையைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பிழிந்துகொண்டிருந்த எங்களைப் பொருட்படுத்தாமல் அவர் சொன்னார்: "இந்த வகுப்புல புதுசா பெருசா எதுவும் இருக்காது. பழசுல எதெல்லாம் தெரியாதுங்கிறது தெரியவரும். அதுதான் கஷ்டம்."

அவர் விடைத்தாள் திருத்தும் முறை வேறு எவரிடமும் நான் காணாதது. முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வருவார். பிழை நேர்ந்த முதல் வரியின் ஓரத்தில் சிவப்பில் ஒரு புள்ளி வைப்பார். அதன்பின் அந்தக் கணக்கில் ஒரு வரிகூடப் படிக்கமாட்டார். என்ன பிழை என்று எழுதமாட்டார். சரியான விடையும் தரமாட்டார். புள்ளியை வைத்துக்கொண்டு பிழையை நாமே கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பு முழுவதும் அவரைப் புள்ளி சார் என்றே அழைத்தது. அது அவருக்கும் தெரியும் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பின்வரிசை மாணவன் ஒருவன் ஒருநாள் எழுந்தான். "சார், மிச்சத்தையும் படிச்சிருந்தா பாதி மார்க்காவது தேறியிருக்கும்."

"ஏணியில ஒரு படி உடைஞ்சிருக்கு. அதுக்கு மேல இருக்கிற படியெல்லாம் நல்லா இருக்கான்னு நான் ஏறிப் பார்க்கணுமா?"

"நீங்க வெயிட்டு கம்மி, ஏறலாம் சார்" என்று வேறொரு குரல் வந்தது. சாரும் சிரித்தார். மதிப்பெண் மட்டும் மாறவில்லை.

அண்ணியின் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன. அடைப்புக்குறிக்குள் இரண்டு உறுப்புகள் இருந்து வெளியே வர்க்கம் இருந்தால், அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்திவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுவார். நடுவில் வரவேண்டிய உறுப்பு வரவே வராது.

"ஆளுக்கு ஒண்ணுன்னு சமமாத்தானே கொடுக்கிறேன்? இதுல என்ன குத்தம்?" என்று பேருந்தில் வாதாடுவார்.

"அது வீட்டுல அண்ணி. இங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு பெருக்கி நடுவுல ஒண்ணு பிறக்கும்."

"அதுவும் வீட்டுலதான்" என்றார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

என்னுடைய நோய் வேறு: குறிகளோடு சமரசம் செய்துகொள்வது. விடை வராவிட்டால் ஒரு கழித்தல் குறியை எங்கிருந்தாவது கடன் வாங்கி வரவழைத்துவிடுவேன். கடையில் நூலிழை பிசகினாலும் வில்லையைத் தூக்கி எறிபவள், தாளில் இப்படி இருந்தது எனக்கே வியப்பு.

வர்க்கமூலப் பாடம் நடந்த வாரத்தில் சார் ஓர் எச்சரிக்கை சொன்னார். இருபுறமும் வர்க்கப்படுத்தும்போது கணக்குக்குச் சம்பந்தமில்லாத விடைகளும் உள்ளே வந்துவிடும். அவை அழையா விருந்தாளிகள். ஆகவே கிடைத்த ஒவ்வொரு விடையையும் முதற் சமன்பாட்டில் திரும்ப இட்டுப் பார்க்க வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் இதைச் செய்ததே இல்லை. அண்ணி மட்டும் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. நாள்தோறும் வரும் நோயாளியிடமும் பெயர் கேட்டே பழகியவர் அவர். "தெரிஞ்ச முகம்னு கேட்காம விட்டா, அன்னைக்குத்தான் வேற ஆளா இருக்கும்" என்பார்.

திரும்பும் பேருந்தில் எங்களுக்குப் பாடம் தொடரும். வளைகோடு ஒன்று நேர்கோட்டை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடாது என்று படித்த அன்று, "சமையலறை அலமாரிக்குக் கதவு போடறேன்னு உங்க அண்ணன் சொல்றது இதுதான்" என்றார். அவருடைய பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலம் வெளியே வரும். சரிபாதியாகப் பிட்டு ஒரு பாதியை என் மடியில் வைப்பார். நடுவில் எதுவும் பிறக்கவில்லை என்று நான் சொல்லவேண்டும், அவர் சிரிக்கவேண்டும். அந்த அரையாண்டு முழுவதும் அந்தச் சிரிப்பு ஒருநாளும் சலிக்கவில்லை. இன்று நினைத்தால், பாடத்தைவிட அந்தப் பொட்டலத்தின் சரசரப்பே தெளிவாகக் கேட்கிறது.

இறுதித் தேர்வு வந்தது. அதுவரை அண்ணி பெற்றிருந்த மதிப்பெண்களை வைத்துப் பார்த்தால், கடைசி வினா சரியாக இருந்தால் தேர்ச்சி; இல்லாவிட்டால் இல்லை. அந்த வினா இது: 21 − 5x என்பதன் வர்க்கமூலத்தோடு 5-ஐக் கூட்டினால் x கிடைக்கிறது, x-இன் மதிப்பைக் காண்க.

எனக்கு 1, 4 என்று இரண்டு விடைகள் வந்தன. 4-ஐத் திரும்ப இட்டுப் பொருந்துவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணி மணி அடித்த பிறகே வந்தார். பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம்.

"கடைசிக் கணக்குக்கு என்ன எழுதினே?" என்றார்.

"ஒண்ணு, நாலு. நீங்க?"

"தீர்வு இல்லைன்னு எழுதினேன்."

"அண்ணி! விடையே இல்லாத கேள்வியைப் பரீட்சையில கேட்பாங்களா?"

"நாலைப் போட்டுப் பாரு. இருபத்தொண்ணுல இருபது போனா ஒண்ணு. அதோட வர்க்கமூலம் ஒண்ணு. அஞ்சைக் கூட்டினா ஆறு. ஆறும் நாலும் ஒண்ணா?"

"ஒண்ணோட வர்க்கமூலம் மைனஸ் ஒண்ணாவும் இருக்கலாமே. மைனஸ் ஒண்ணும் அஞ்சும் நாலு. பொருந்துதே."

"வேர்க்குறிக்கு முன்னாடி அவர் மைனஸ் போட்டிருந்தாரா?"

போட்டிருக்கவில்லை. மறுபடியும் கடன் வாங்கியிருந்தேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அது இல்லடி என் பயம்" என்றார் அண்ணி. "முதல்ல நான் பழைய தப்பைத்தான் பண்ணினேன். x-ல அஞ்சு போனதை வர்க்கப்படுத்தி, நடு உறுப்பை விட்டுட்டேன். மைனஸ் ஒண்ணு, மைனஸ் நாலுன்னு அழகா வந்துச்சு. திருப்பிப் போட்டுப் பார்த்தா ரெண்டும் பொருந்தலை. சரி, எங்கேயோ புள்ளி இருக்குன்னு மேலேருந்து தேடினேன். கிடைச்சுது. கீழ மறுபடியும் ஒழுங்கா போட்டேன். ஒண்ணு, நாலு வந்துச்சு. அதுவும் பொருந்தலை. மறுபடியும் மேலேருந்து தேடினேன். இந்தத் தடவை தப்பே இல்லை. அதனாலதான் தீர்வு இல்லைன்னு எழுதினேன்."

"அப்புறம் என்ன பயம்?"

"மேல போட்டதை அடிக்கலை. மணி அடிச்சிட்டாங்க, தாளைப் பிடுங்கிட்டாங்க."

எனக்கும் இப்போது பயம் வந்தது. முதல் தவறான வரியோடு நிறுத்திவிடுபவர் சார். சரியான கணக்கு அதற்குக் கீழே இருக்கிறது. அவர் அதைக் காணவே போவதில்லை.

"ஒண்ணு மட்டும் பண்ணினேன்" என்றார் அண்ணி. "தப்பைக் கண்டுபிடிச்சப்ப, அந்த வரி ஓரத்துல நானே ஒரு புள்ளி வெச்சேன். என் பேனாவுல. இடம் மறந்துடக்கூடாதுன்னு."

"புள்ளி வைக்கிறது அவரோட வேலை அண்ணி. கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சுக்கப் போறார்."

"அதான்" என்றார். அன்று ரொட்டிப் பொட்டலம் பையைவிட்டு வெளியே வரவில்லை.

முடிவு வருவதற்குள் அண்ணி இரண்டு குவளைகளை உடைத்தார். அண்ணன் பெருக்கி எடுத்ததோடு, யாரும் கேட்காமலேயே அலமாரிக்குக் கதவும் போட்டார். நெருங்கிய கோடு தொட்டுவிட்டதென்று நான் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை.

சார் எங்களை ஆய்வகத்திலேயே சந்தித்தார். என் தாளை முதலில் தந்தார். கடைசிக் கணக்கில், 4 பொருந்துகிறது என்று நான் நிறுவியிருந்த வரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. எதிர்பார்த்ததுதான், மற்றக் கணக்குகள் என்னைக் காப்பாற்றியிருந்தன. பிறகு அண்ணியின் தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தார். தொட்டிக்குள் நழுவாமல் அதைக் கையால் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இந்த நீலப் புள்ளி யார் வெச்சது?"

"நான்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் படிச்சுக்கிட்டு வந்தேன். தப்பான வரி வந்துச்சு. பேனாவைத் திறந்தேன். பார்த்தா ஏற்கெனவே புள்ளி இருக்கு. ஒரு வரிக்கு ரெண்டு புள்ளி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால தொடர்ந்து படிக்க வேண்டியதாப் போச்சு."

அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ எங்கேயும் எனக்கு வேலை இல்லை" என்றார் சார். தாளின் அடியில் 'தீர்வு இல்லை' என்பதன் அருகே ஒரு சிறிய சரிக்குறி இருந்தது. "இன்னும் ஒண்ணு. வேர்க்குறியோட அஞ்சைக் கூட்டினா அஞ்சுக்குக் குறையாது. x அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா வேர்க்குறிக்குள்ள மைனஸ் ஆயிடும். வர்க்கப்படுத்தாமலே ரெண்டு வரியில முடிச்சிருக்கலாம்."

"அடுத்த தடவை சார்."

"அடுத்த தடவை உங்களுக்கு இல்லை. நீங்க பாஸ்" என்று சொல்லிப் பேனாவை மூடினார். கதவுவரை போனவர் திரும்பி, "புள்ளியை இன்னும் கொஞ்சம் இடதுபக்கமா வெச்சிருக்கலாம், ஓரத்துக்கு வெளியில" என்றார். அண்ணி சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பை அடக்கக் குழாயைப் பிடித்தார். அது திறந்துகொண்டது.

அந்த ஆண்டே அவர் எக்ஸ்-ரே படிப்பில் சேர்ந்தார். அவருடைய கல்லூரி ஊரின் மறுபுறம், பேருந்தும் வேறு. நான் நுண்கணிதத்துக்குப் பணம் கட்டிவிட்டிருந்தேன். அதே ஆய்வகம், அதே மேசை. என் பையைத் தொட்டிக்குள் வைத்தேன். குழாயை யாரும் திறக்கவில்லை. ரொட்டியை முழுதாகத் தின்றுகொண்டு வீடு திரும்பினேன்.

அண்ணன் மகளை மறுநாள் நானே அழைத்தேன்.

"அத்தை, சிலபஸ்ல ஏதாவது விட்டுப்போச்சா?"

"இல்லை. உன் வகுப்புல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"பக்கத்துல ஒருத்தி உட்கார்றா. பேரு சொன்னா, மறந்துட்டேன்."

"போய்க் கேளு" என்றேன். "நாளைக்குத் தெரிஞ்சிருந்தாலும் ஒரு தடவை கேளு. அம்மா எங்கே?"

"டியூட்டி முடிஞ்சு இப்பதான் வந்தாங்க. கொடுக்கட்டுமா?"

"கொடு."