பதினொரு நிமிடம் மிச்சம்

"இந்தச் சட்டைக்கு அஞ்சு தினாரா? விரல வச்சா மறுபக்கம் நகம் தெரியுது பாய்!"

வெள்ளைச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான் ரெனீஷ். கடைக்காரர் செய்கு முகம்மது அசரவில்லை. குதைபியாக் கடைத்தெருவில் இவனைப்போல எத்தனை பேரைப் பார்த்தவர்.

"சரி, நாலு குடுங்க. யாருக்குத் தம்பி?"

"அண்ணனுக்கு."

"அப்ப என்ன? போட்டுப் பாக்கட்டும். பத்தலைன்னா கொண்டாங்க, மாத்தித் தாரேன்."

மனாமா சந்தையில் பதினைந்து வருடமாக அத்தர் விற்று, சும்மா போனவனையும் கூப்பிட்டு மணக்க வைத்தவன் ரெனீஷ். அப்போது பேரத்தை விட்டுவிட்டு ஐந்து தினாரை மேசையில் வைத்துவிட்டு இறங்கினான். மிச்சம் வாங்காமல் போகிறவனை செய்கு முகம்மது வாசல் வரை வந்து பார்த்தார்.

நான்கு மணிக்குள் சட்டை பிணவறைக்குப் போகவேண்டும். நாளைக் காலை ஒரே விமானம். ரெனீஷ் இருக்கையில், அண்ணன் மரியராஜ் பெட்டியில். ஏசி மெக்கானிக் மரியராஜ் வெள்ளிக்கிழமை காலை தேயிலை போட அடுப்பைப் பற்றவைத்தவர், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அண்ணனின் அறையில் எல்லாம் மடித்துத் தயாராக இருந்தது. கூட இருந்த யாழ்ப்பாணத்துக் கதிர்காமு செய்த வேலை. பயணப் பெட்டிக்குப் பக்கத்தில், அண்ணன் படம் பார்க்கிற டேப்லெட் கிடந்தது.

"இது உங்களுக்கெண்டு வச்சிருந்தவர், தம்பி."

ரெனீஷ் அதைத் தொடவில்லை. அதில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு வருடமாக அண்ணனுக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். கடலிலிருந்து மலை உயரத்துக்கு ஒரு மிருகம் எழுந்து, உறுமி, ஊரை மிதிக்கும். ஆள்கள் அலறுவார்கள். மரியராஜ் விழுந்து விழுந்து சிரிப்பார். "லேய், அது இப்பிடிக் கத்திக்கிட்டா வந்துது? கத்தியிருந்தா ஓடியிருப்பமே!"

இன்னொரு படம் அப்படியில்லை. கடல் மெதுவாக ஏறி ஊரை மூடும். யாரும் சாவதில்லை. தண்ணீருக்கடியில் பஸ் ஓடும். சன்னல் வழியாக மீன் வரும், பெண்கள் துணி காயப்போடுவார்கள். வாராவாரம் போல ரெனீஷ் வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை அதில், சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஆறு வயசுக் குழந்தை ஒன்று தனியே நடந்துவந்தது. ரெனீஷ் டேப்பைப் பிடுங்கி அணைத்துவிட்டான்.

"அம்பது தாண்டியாச்சு, கார்ட்டூன் பாக்க நாணமில்லியா உனக்கு?"

மரியராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முடிவு நல்லாருக்கும்லே. பதினோரு நிமிசந்தான்."

"அடுத்த வெள்ளி பாப்போம்."

வாங்க மனசில்லாதவன் கடையில் சொல்லிவிட்டுப் போகும் அதே வார்த்தை. அப்படி இருபது வெள்ளி போனது.

அண்ணன் முன்னால் யாரும் கடலைப் பற்றிப் பேசக்கூடாது என்பது வீட்டில் ரெனீஷ் போட்ட சட்டம். சுனாமி வருடம், கிறிஸ்மஸுக்கு மறுநாள் குளச்சலில் அலை ஏறியபோது, அண்ணன் மகள் அக்ஸாவின் கை ரெனீஷின் கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம்.

"வியாழக்கிழமையெண்டால் படத்தை ஓட்டி, அந்தப் பதினொரு நிமிசத்திலை நிப்பாட்டி வைப்பார்," என்றார் கதிர்காமு. "'நாளைக்குத் தம்பி வருவான்' எண்டு. நீங்கள் பாத்தாச்சுதானே அண்ணை, ஏன் திரும்பத் திரும்ப எண்டு கேட்டன். 'எனக்கில்லை, அவனுக்கு' எண்டார். உங்களுக்கு முன்னாலை கடற்கதை எடுக்கவேண்டாமெண்டும் எனக்குச் சொல்லி வச்சிருந்தவர்."

ரெனீஷ் கட்டிலில் உட்கார்ந்தான்.

போன் அடித்தது. ஊரிலிருந்து அண்ணன் மனைவி, ஜெபகனி மைனி.

"ரெனீஷே, பெட்டியில முகம் பாக்கலாமா?"

"பாக்கலாம் மைனி."

"பிள்ளை முகந்தான் பாக்கக் கெடைக்கல."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரத்தை நகர்த்தினார்கள்.

"நீ எதாவது தின்னியாலே?"

"தின்னேன்," என்று பொய் சொன்னான்.

கதிர்காமு சட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விட்டார். ரெனீஷ் டேப்பை மடியில் வைத்து விரலால் தொட்டான்.

திரையில் தண்ணீருக்கு மேலே ஒரு படகு. அதில் ஒருவன் குனிந்து, கையை உள்ளே விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். கீழே பஸ் வந்து நின்றது. சிவப்பு மழைக்கோட்டுக் குழந்தை ஏறி, சன்னலோரம் இடம்பிடித்து, அண்ணாந்து பார்த்தது. கையாட்டியது. நீ போ, நேரமாகுது என்பதுபோல. பஸ் கிளம்பியது. படகுக்காரன் வெகுநேரம் குனிந்தே இருந்தான். பிறகு துடுப்பை எடுத்தான்.

"தம்பி, மூண்டரை."

சட்டையை வாங்கி, காலரில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தான் ரெனீஷ். ஒன்றையும் விடவில்லை; உள்பக்கம் தடவிப் பார்த்தான். பிறகு டேப்பை எடுத்து, படத்தைப் பின்னால் இழுத்து, பதினொரு நிமிடம் மிச்சம் இருக்கிற இடத்தில் நிறுத்தினான். மைனிக்கு என்று அண்ணன் வாங்கிவைத்த சேலைக்குள் அதைச் சுற்றி, பயணப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்.